மை படாத நான்கு சட்டைகள்

அந்த லாண்டரிக்குள் நுழைந்ததும் மேஜைமேல் ஒரு பெரிய பிளாஸ்க் நிற்கும். பச்சை நிறம், அகன்ற வாய், அடியில் ஒரு நசுங்கல். உட்காரச் சொல்லி டீ ஊற்றிக் கொடுப்பார்கள் என்று யாரும் ஆசைப்பட்டுவிட வேண்டாம். உள்ளே இருப்பது துணிக்கு மாட்டும் கிளிப்புகள். உள்கண்ணாடி உடைந்து எத்தனையோ வருஷமாகிறது. "இதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு டப்பா வாங்கி வைக்கக் கூடாதா?" என்று கேட்கிறவர்களுக்கு மேஜைக்குப் பின்னால் நிற்கும் பெண்மணி ஒரு சிரிப்பைத் தருவாள்.

தெருவில் அவளுக்குப் பூனை என்று பெயர். தலை நரைத்து, மாடிப்படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் வயதிலும், "பூனையக்கா, என் சட்டை ஆயிடுச்சா?" என்றுதான் பள்ளிப் பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பெயர் வைத்தவள் லாண்டரி அக்கா.

அக்கா என்றால் உடன்பிறந்தவள் அல்ல. அந்த லாண்டரிக்கு முதலாளி. தெரு முழுவதற்கும் அக்கா. தடித்த உடம்பு, அதைவிடத் தடித்த குரல். நீராவி இயந்திரம் இரைந்துகொண்டிருக்கும்போதும் அவள் பேசுவது எதிர்ப்பக்கத்து பேக்கரிவரை கேட்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இவள் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்காமல் திரும்பிய அக்கா, மார்பில் கையை வைத்துக்கொண்டு அலறிவிட்டாள். "ஏன்டி, பூனை மாதிரி வந்து நிக்கிறே? செருப்பைத் தேய்ச்சாவது நடக்கக் கூடாதா? என் உசுரே போயிடுச்சு!"

சத்தமில்லாமல் நடப்பது அவள் வேண்டுமென்று கற்றுக்கொண்டதல்ல. எட்டாம் வகுப்புப் பாதியில் அம்மா படுக்கையில் விழுந்தாள். நோயாளி தூங்கும் வீட்டில் பாத்திரத்தை எப்படி வைப்பது, கதவை எப்படிச் சாத்துவது என்பதெல்லாம் தானாகவே கைக்கு வந்துவிட்டன. பள்ளிக்கூடம் போனது போனதுதான். தம்பிக்கும் தங்கைகளுக்கும் தலை வாரி, சட்டை தோய்த்து, பை மாட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். அம்மா போனாள். தங்கைகள் கல்யாணமாகிப் போனார்கள். தம்பி வேலை கிடைத்து வெளியூர் போனான். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் அந்த வீட்டில் அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. வேலையில்லாத இடத்தில் நிற்க அவளுக்குத் தெரியாது. கடலோரத்து ஊரிலிருந்த சித்தி வீட்டுக்கு ஒரு பையோடு வந்து சேர்ந்தாள்.

சித்தி நல்லவள். வீடுதான் சின்னது. இவளுக்குச் சமையலறையில் படுக்கை. ராத்திரி தண்ணீர் குடிக்க வருகிற ஒவ்வொருவரும் இவளைத் தாண்டிக்கொண்டுதான் போகவேண்டும். மிதிபடாமல் சுருண்டு படுக்கப் பழகிக்கொண்டாள். சித்திதான் அக்காவிடம் சொல்லி லாண்டரியில் சேர்த்துவிட்டாள்.

"மூணு மாசம் பார்ப்போம். சரிப்பட்டு வந்தா வேலையும் உனக்கு, மேல ரூமும் உனக்கு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு மேலே கூட்டிப்போய்க் காட்டினாள். ஒரு கட்டில். சுவரில் துணி மாட்ட ஓர் ஆணி. கடலைப் பார்த்த ஒரு ஜன்னல். கீழே இஸ்திரி அறையின் சூடு தரை வழியாக ஏறி, வெறுங்காலுக்கு இதமாக இருந்தது. அவள் பார்த்தது இவை எதையுமல்ல. கதவின் உட்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. உள்ளிருந்து போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள். வாழ்நாளில் அப்படி ஒன்று அவளுக்கென்று இருந்ததில்லை. தொட்டுப் பார்க்கவேண்டும் என்று கை துறுதுறுத்தது. அக்கா பார்த்துக்கொண்டிருந்ததால் தொடவில்லை.

லாண்டரியில் இரண்டே சட்டம். முதலாவது, என்ன கறை என்று தெரியாமல் சுடுதண்ணீரில் துணியைப் போடக் கூடாது. ரத்தம், முட்டை, பால், மீன் எதுவானாலும் சுடுதண்ணீர் பட்டால் நூலோடு வெந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அசைக்க முடியாது. முதல் நாளே இவள் ஒரு தலையணை உறையோடு சுடுதண்ணீர்க் குழாய்ப் பக்கம் போக, அக்கா மரக் கரண்டியால் புறங்கையில் ஒன்று வைத்தாள்.

இரண்டாவது சட்டத்தைச் சொல்லும்போது மட்டும் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "துணி எல்லாத்தையும் சொல்லிடும்டி. யார் எங்க போனாங்க, என்ன சாப்பிட்டாங்க, யார் தோள்ல சாஞ்சாங்க, எல்லாம். நாம வாயைத் திறக்கக் கூடாது. உனக்கு முன்னாடி இருந்தவ ஒரு காலர்ல இருந்த கறையைப் பத்தி பேக்கரியில நின்னு பேசிட்டா. அன்னிக்கு சாயங்காலமே கணக்கை முடிச்சு அனுப்பிட்டேன். அழுதா. நான் திரும்பிக்கூடப் பார்க்கலை."

இவளுக்கு அந்தச் சட்டம் பெரிய பாரமாகத் தோன்றவில்லை. பேசச் சொன்னால்தான் கஷ்டம்.

மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது, தெருக்கோடியில் தூண்டில் கடை வைத்திருந்தவர் கடைக் கண்ணாடியில் ஓர் அட்டையை ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாலை, அலைத்தடுப்புச் சுவரில், கணவாய் மீன் பிடிக்கும் போட்டி; பிடிபட்டால் கறுப்பாக மை கக்குமே, அந்தக் கணவாய். இதுவரை ஒரு கணவாய்கூடப் பிடித்திராத புதியவர்களுக்கு மட்டும். கலங்கரை விளக்கு எரியும்வரை நேரம். பரிசு, கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பச்சை பிளாஸ்க்.

பிளாஸ்க் அப்படியொன்றும் அதிசயமில்லை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த பொருளுக்குத் தனி அழகு வந்துவிடுகிறது. நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். பேக்கரி அண்ணன், சலூன் அண்ணன், மாடியறையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் டியூஷன் சார், நம் லாண்டரி அக்கா. நால்வரும் பிழைப்புக்கு வந்து கடை போட்டவர்கள். கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் அதில் கால் நனைக்க நேரமில்லாதவர்கள். அந்த வாரம் முழுக்கத் தெருவில் ஒரே அடக்கப் பேச்சு. "எனக்குத் தூண்டில்ல எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது" என்று ஒருவர் சொன்னால், "நீங்களாவது பரவாயில்லை, நான் கணவாயைத் தட்டுலதான் பார்த்திருக்கேன்" என்று இன்னொருவர் சொல்வார்.

துணிகள் வேறு கதை சொல்லின.

முதலில் வந்தது பேக்கரி அண்ணனின் வெள்ளைக் கோட்டு. வலது கைப்பட்டியில் கறுப்பாக ஒரு வீச்சு. "சீனி கருகிப் போச்சும்மா. பாகு தெறிச்சிடுச்சு" என்றார், கேட்காமலே. சீனிப்பாகு தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடிவிடும். இது ஓடவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கடல் வாசம்.

"சரிங்க" என்றாள்.

மறுநாள் சலூன் அண்ணனின் கால்சட்டை, முழங்கால் பக்கம். "டை பாட்டில் கவிழ்ந்திடுச்சு. இந்தக் காலத்துல எல்லாருக்கும் முடி கறுப்பா இருக்கணும், என் துணிதான் நாசமாப் போகுது" என்று நீளமாகச் சலித்துக்கொண்டார். தலைச்சாயம் நெடியடிக்கும். இதில் அந்த நெடி இல்லை.

"சரிங்க" என்றாள்.

டியூஷன் சாருக்குச் சட்டைப் பை. "பேனா ஒழுகிடுச்சு" என்றார். பேனா மை நனைந்தால் ஓரத்தில் ஊதா இறங்கும். இது பழுப்பு இறங்கியது. பையின் மூலையில், நகத்தளவு வட்டமாக, சுற்றிலும் பொடிப்பல் வைத்ததுபோல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கணவாயின் கையில் இருக்கும் உறிஞ்சி என்பது அவளுக்கு அப்போது தெரியாது. கடலிலிருந்து வந்தது என்றுமட்டும் தெரிந்தது. எடுத்து வாளியில் போட்டுவிட்டு, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் சட்டையை அமிழ்த்தினாள்.

ஒவ்வொருவரும் அவரவர் தொழிலிலேயே ஒரு சாக்கு வைத்திருந்ததை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. தொட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டு சிரித்தாள். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் காலையில்தான் அது நடந்தது. பின்கட்டுக் கொடியில் அக்காவின் நீல ஏப்ரன் காய்ந்துகொண்டிருந்தது. அதிலேயே ஏதோ சரியில்லை. அக்கா தன் துணியைத் தானே தோய்த்து இவள் பார்த்ததில்லை. கிட்டே போனாள். வயிற்றுப் பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு, சாரின் சட்டையில் பார்த்த அதே பழுப்பில் ஒரு திட்டு. விரலால் தேய்த்துப் பார்த்தாள். அசையவில்லை. நூலோடு நூலாக வெந்து போயிருந்தது.

சுடுதண்ணீர்.

ஊருக்கெல்லாம் மரக் கரண்டியால் பாடம் நடத்துகிற அக்கா, யாராவது வருவதற்குள் முடித்துவிடவேண்டும் என்கிற அவசரத்தில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்திருக்கிறாள். அக்கா பயந்துபோய் இப்படி ஒரு வேலையைச் செய்திருப்பாள் என்பதை நினைக்க இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே யாரோ அழைப்புமணி அடித்தார்கள். இவள் ஏப்ரனைக் கழற்றி, கறை சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை லாண்டரிக்கு அரைநாள். அக்காவின் துண்டு, தண்ணீர்ப் பாட்டில், மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இவளும் அலைத்தடுப்புச் சுவருக்குப் போனாள். பெரிய பெரிய கற்களைக் கடலுக்குள் நீட்டி அடுக்கி, மேலே சிமென்ட் பூசிய பாதை. காற்று கொஞ்சமாக இருந்தது. தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி தெளிந்து கிடந்தது. தூண்டில்காரர் ஐந்து தூண்டில் கழிகளைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் இறால் பொம்மை தொங்கியது. ஆரஞ்சு நிறம், கண்ணாடிக் கண், வால் பக்கத்தில் கிரீடம்போல நிமிர்ந்த ஊசிகள்.

"நாலு பேருக்கு அஞ்சு கழி கொண்டாந்துட்டேன். ஒண்ணு சும்மா கிடக்குது. ஏம்மா, நீயும் பிடியேன்" என்றார் இவளைப் பார்த்து.

இவள் அக்காவைப் பார்த்தாள். "போடி, பிடிச்சா புலி ஒண்ணும் வராது" என்றாள் அக்கா.

கழி கைக்கு வந்ததும் உள்ளுக்குள் என்னவோ துள்ளியது. விளையாட்டு என்று ஒன்றில் யாராவது அவளைச் சேர்த்துக்கொண்டு எவ்வளவு காலமாயிற்று! பள்ளிக்கூடத்தில் கடைசியாகப் பந்து எறிந்தது. அதற்குப் பிறகு எல்லோருடைய செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்ளும் வேலைதான்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சத்தியம்!" என்றார் தூண்டில்காரர். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. இதுவரைக்கும் கணவாய் பிடிச்சதில்லைன்னு."

பேக்கரி அண்ணன் நெஞ்சில் கை வைத்தார். அதே கைப்பட்டி, இவள் வெளுத்துக் கொடுத்தது. "கணவாய்க்குத் தலை எது, வால் எதுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது."

"கத்தரி பிடிச்ச கை. கழி பிடிச்சதில்லை" என்றார் சலூன் அண்ணன்.

டியூஷன் சார் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டார். "புஸ்தகத்துல படம் பார்த்திருக்கேன். அது கணக்கில்லையே?"

இவள் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. கால் கட்டைவிரலைச் சிமென்டில் அழுத்தினாள். அக்காவின் முறை வந்தது. அக்கா இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, வானத்தைப் பார்த்துச் சொன்னாள். "எனக்குத் தண்ணின்னா தொட்டித் தண்ணிதான். பொய் சொன்னா என் வெள்ளையெல்லாம் மஞ்சளாப் போகட்டும்!"

அவ்வளவுதான். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு மூக்கு வழியாக வெடித்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாலும் நிற்கவில்லை. அந்தப் பெண் சிரித்து யாரும் கேட்டதில்லை. கடற்பறவைகள் இரண்டு எழுந்து பறந்தன.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னடி சிரிப்பு?" என்றாள் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. இரண்டாவது சட்டத்தைச் சொன்ன அதே குரல்.

சிரிப்பு சட்டென்று நின்றது. "ஒண்ணுமில்லக்கா. சும்மா."

"சும்மா சிரிக்கிற ஆளா இது?" சலூன் அண்ணன் முன்னால் வந்தார். "எனக்குப் புரிஞ்சு போச்சு. இந்தப் பொண்ணு பழகின ஆளு. சித்தி வீடு மீன்துறைக்குப் பக்கத்துலதானே? நாம கழி பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்துதான் சிரிக்குது!"

"பூனைக்கு மீன் பிடிக்கச் சொல்லித்தரணுமா என்ன?" என்றார் பேக்கரி அண்ணன்.

"புதியவர்களுக்கு மட்டும்னு தெளிவா எழுதியிருக்கு" என்றார் டியூஷன் சார், கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு. "விதின்னா விதி."

"நீ முன்ன பிடிச்சிருக்கியாம்மா?" தூண்டில்காரர் கேட்டார்.

"இல்லைங்க."

"அப்போ ஏன் சிரிச்சே, சொல்லிடு. பிரச்சினை முடிஞ்சுது."

ஐந்து ஜோடிக் கண்கள் அவள்மேல் நின்றன. பாகு இல்லை, சாயம் இல்லை, பேனா இல்லை. மூன்று வார்த்தை போதும், அவள் நிரபராதி. மற்றவர்கள்தான் திருதிருவென்று விழிக்கவேண்டும். அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அது கல் மாதிரி இருந்தது. எந்தக் கல் என்று தெரியவில்லை. கோபமா, பயமா? அந்தத் தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது. சித்தி வீட்டுச் சமையலறைத் தரையும் நினைவுக்கு வந்தது.

"நினைச்சு நினைச்சு ஏதோ சிரிப்பு வந்துடுச்சுங்க" என்றாள். கழியைக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினாள். வாளிப் பக்கம் போய்க் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். பொய்க்காரி என்று நான்கு பொய்க்காரர்கள் சேர்ந்து தீர்ப்புச் சொன்னது வலிக்கத்தான் செய்தது. காது மடல் சுட்டது.

அக்கா தன் கழியை எடுத்து நூலைச் சரிபார்க்க ஆரம்பித்தாள்.

போட்டி தொடங்கியது. நால்வரும் என்ன நடிப்பு! பேக்கரி அண்ணன் கழியைத் துடைப்பம்போலப் பிடித்தார். டியூஷன் சார் நூலைத் தன் கண்ணாடிக் காதிலேயே சிக்கவைத்துக்கொண்டார். அதெல்லாம் பொம்மை தண்ணீரில் விழும்வரைதான். விழுந்ததும் நான்கு மணிக்கட்டும் தாமாகவே பேச ஆரம்பித்தன. இரண்டு சுண்டு, அமிழ விட்டு ஒரு காத்திருப்பு, மறுபடி இரண்டு சுண்டு. இறால் துள்ளி விழுவதுபோல. வாளிப் பக்கத்திலிருந்து பார்த்த இவளுக்கு நான்கு பேர் ஒரே தொட்டியில் துணி அலசுவது போலிருந்தது.

கணவாய்கள் வந்தன. அண்ணன்மாருக்கு ஆளுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, சாருக்கு ஒன்று. ஒவ்வொன்று வரும்போதும் "ஐயோ, இது என்ன இழுக்குது!" என்று ஒரு கூச்சல். அப்புறம் கணவாயைத் தண்ணீர் மட்டத்திலேயே வைத்து, அதன் அடிப்பக்கத்தைக் கடலைப் பார்க்கத் திருப்பி, கறுப்பையெல்லாம் கக்கி முடிக்கட்டும் என்று ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார்கள். பிறகே மேலே தூக்குவார்கள்.

இவள் அதைப் பார்த்தாள். தூண்டில்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் மஞ்சளாகச் சாய்ந்தபோது கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டார்.

"வரிசையா நில்லுங்க. வெளிச்சத்தைப் பார்த்து."

பரிசு தரப்போகிறார் என்று நால்வரும் தலையைக் கோதிக்கொண்டு நின்றார்கள். அவர் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, காலரிலிருந்து முழங்கால்வரை பார்த்துக்கொண்டே போனார்.

"கடைசியில என்ன பரிசோதனை? துணிக்கடை வைக்கப் போறீரா?" என்றாள் அக்கா.

"நாலு பேரு. ஆளுக்கு ரெண்டு மூணு கணவாய். யார் மேலயாவது ஒரு சொட்டு மை இருக்கா?"

நால்வரும் குனிந்து தங்களைப் பார்த்துக்கொண்டார்கள். சட்டைகள் நேற்று வாங்கியதுபோல இருந்தன.

"முதல் தடவை கணவாய் பிடிக்கிறவன் அதை நேரா மூஞ்சிக்கு எதிர்ல தூக்குவான். அது நேரா மூஞ்சியில அடிக்கும். எங்கப்பா வாங்கினாரு, நான் வாங்கினேன். உங்க நாலு பேருக்கு மட்டும் எப்படி? அதிர்ஷ்டமா?"

"அதிர்ஷ்டந்தான்" என்றார் பேக்கரி அண்ணன் மெதுவாக.

"சரி. அப்போ இன்னொண்ணும் சொல்றேன். போன வாரம் பூரா ஒவ்வொருத்தரா பின்வாசல் வழியா வந்து, மாப்பிள்ளைக்கு வேணும்னு சொல்லி இறால் பொம்மை வாங்கிட்டுப் போனீங்களே! வியாபாரமாச்சேன்னு வாயை மூடிட்டிருந்தேன். நாலு பேருக்கும் ஒரே சமயத்துல மாப்பிள்ளை! இதுல கல்யாணமே ஆகாத டியூஷன் சாருக்கும் ஒரு மாப்பிள்ளை!"

டியூஷன் சாரின் முகத்தில் அசடு வழிந்தது. சலூன் அண்ணன் பேக்கரி அண்ணனைப் பார்த்தார். "நீங்களுமா?" "நீங்க மட்டும் என்னவாம்?" அக்கா கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்; அவள் தோள் குலுங்கியது. யார் முதலில் சிரித்தது என்று பின்னாளில் பெரிய வழக்காகி, கடைசிவரை தீரவில்லை. நால்வரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கற்களின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

திடீரென்று பேக்கரி அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். கைப்பட்டியைப் பார்த்தார். வாளிப் பக்கம் பார்த்தார். "அப்போ இந்தப் பொண்ணுக்கு… நம்ம துணியெல்லாம் வெளுத்தது இதுதானே? உனக்கு எல்லாம் தெரியும், இல்லம்மா?"

அவள் தன் கால் விரல்களைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

சலூன் அண்ணன் தொண்டையைச் செருமினார். அக்கா எழுந்தாள். சுவரில் சாத்தியிருந்த ஐந்தாவது கழியை எடுத்து வந்து இவள் கையில் திணித்தாள். "பிடிடி. இங்க புதுசா ஒரே ஒரு ஆளுதான் இருக்கு."

அப்புறம் நடந்தது போட்டியே இல்லை, திருவிழா. மறைக்க ஒன்றும் மிச்சமில்லாத நான்கு பேர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு தங்கள் வித்தையெல்லாம் கொட்டினார்கள். "சுண்டு, சுண்டு!" "சுண்டாதே, விடு!" "நாற்பத்தஞ்சு டிகிரி கோணத்துல…" "சார், உங்க கோணத்தைக் கொண்டுபோய் வகுப்புல வைங்க!" அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. நூலில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. துள்ளலோ வெட்டோ இல்லை, வெறும் கனம். அது அவளுக்குத் தெரிந்த கனம். அலசும் தொட்டியின் அடியில் நனைந்து கிடக்கும் துண்டைத் தூக்கும்போது கைக்கு வருவது. ஈரத் துணியை எப்படி இழுப்பாளோ அப்படியே, நிதானமாக, தொய்வு விடாமல் இழுத்தாள்.

தண்ணீருக்குள்ளிருந்து அது வந்தது. கண்ணாடி மாதிரி உடம்பு. அதற்குள் செம்பழுப்புப் புள்ளிகள் விரிந்தன, சுருங்கின, மறுபடி விரிந்தன. இத்தனை அழகாக ஒரு கறை பரவி மறைவதை அவள் பார்த்ததில்லை. பெரிய கண் ஒன்று அவளையே பார்த்தது. அவள் அதைக் கிட்டே பார்க்கவேண்டும் என்று நேராக முகத்துக்கு எதிரில் தூக்கினாள்.

"திருப்பு!" என்று நான்கு குரல்கள் கத்தின.

நெற்றியிலிருந்து முகவாய்வரை, அங்கிருந்து சட்டை முழுக்க, கன்னங்கரேலென்று அடித்தது. கண்ணை மட்டும் திறந்துகொண்டு, வாய் பிளந்து, கழியை விடாமல் நின்றாள். கலங்கரை விளக்கு எரிந்தது. தூண்டில்காரர் பிளாஸ்க்கைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அது அவர் கையிலிருந்து நழுவிக் கல்லில் பட்டு, அடியில் நசுங்கியது. அந்த நசுங்கல்தான்.

லாண்டரிக்குத் திரும்பியதும் அக்கா தன்னுடைய சட்டை ஒன்றைக் கொடுத்து மாற்றச் சொன்னாள். இவள் இரண்டு பேர் நுழையக்கூடிய அந்தச் சட்டையில் தொலைந்துபோய் நின்றாள். அக்கா மைச்சட்டையை வாங்கித் தானே தொட்டியில் போட்டாள். உப்பை அள்ளிப் போட்டாள்.

"இதுக்குப் பச்சைத் தண்ணிதான்டி. சுடுதண்ணி பட்டுச்சுன்னா…"

பாதியில் நிறுத்திவிட்டாள். பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. கொடியில் நீல ஏப்ரன் சுவரைப் பார்த்துத் தொங்கியது. அக்கா அதைப் பார்த்தாள்.

"அதைத் திருப்பிப் போட்டது யாரு?"

"எதைக்கா?"

"அந்த ஏப்ரனை."

"எந்த ஏப்ரன்க்கா?" என்றாள் பூனை.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அந்தப் பெரிய உடம்பு மெல்லக் குலுங்க ஆரம்பித்தது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். சிரித்து முடித்து, ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த சாவிக் கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றினாள்.

"மேல ஒரே தூசியா கிடக்கு. இன்னைக்கே பெருக்கிடு. உன் சித்திகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அன்றைக்கு அவள் பெருக்கியது கொஞ்சம்தான். தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். கீழிருந்து அக்கா கத்தினாள்: "கதவை உடைச்சிடாதேடி!"

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் போட்டி நடந்தது. ஆனால் அந்த முதல் வருஷம் மாதிரி ஒன்று அமையவில்லை. எல்லோரும் தேர்ந்த கைகளாகிவிட்டார்கள், சத்தியம் செய்ய ஆள் கிடைக்கவில்லை. ஞாயிறு மாலைகளில் பிளாஸ்க்கில் டீ போட்டு எடுத்துப்போவாள். நால்வரும் அதே கற்களில் உட்கார்ந்து, பேக்கரி அண்ணன் கொண்டுவரும் பன்னைப் பிய்த்துக்கொண்டு, யார் முதலில் சிரித்தது என்ற வழக்கை நடத்துவார்கள். அவளுக்கும் அதில் ஒரு கட்சி உண்டு. எந்தக் கட்சி என்று சொல்லமாட்டாள்.

சலூன் அண்ணன் மகனோடு வேறு ஊர் போனார். டியூஷன் சார் தாமதமாக ஒரு கல்யாணம் செய்துகொண்டார், மகள் பிறந்து, நிஜமாகவே ஒரு மாப்பிள்ளையும் வந்தபோது, தெரு முழுவதும் அவரைக் கேட்டது, "இறால் பொம்மை வாங்கியாச்சா சார்?" பேக்கரி அண்ணன் ஓர் அதிகாலையில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பிளாஸ்க்கின் உள்கண்ணாடி உடைந்ததும் அந்தச் சமயத்தில்தான். கடைசி ஆறு வருஷம் அக்கா மாடி ஏறவில்லை. கீழ் அறையில் கட்டில் போட்டுக்கொண்டாள். அவள் துணிகளை இவள்தான் தோய்த்தாள். அந்தத் துணிகள் சொன்னதையெல்லாம் இவள் யாரிடமும் சொல்லவில்லை. வைத்தியரிடம்கூட, அக்கா சொல்லச் சொன்னதைத்தான் சொன்னாள். லாண்டரியை அவள் பெயருக்கு எழுதி வைத்துவிட்டு அக்கா போனாள். நீல ஏப்ரன் இன்னும் இருக்கிறது. கட்டிக்கொள்ளும்போது கறை உள்பக்கம் வரும்படி கட்டிக்கொள்கிறாள்.

போன வாரம் அலைபேசிக் கடை இளைஞன் ஒருவன் வெள்ளைச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்தான். தூண்டில் கடையை இப்போது நடத்துகிறவர், பழைய அட்டை மாதிரியே ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். புதியவர்களுக்கு மட்டும்.

"பிரின்டர் மை அக்கா. கையெல்லாம் ஆயிடுச்சு" என்றான் அவன், கேட்காமலே.

அவள் சட்டையை விரித்தாள். கைப்பட்டியில் கறுப்பாக ஒரு வீச்சு. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அவ்வளவு நேரம் எதற்கு என்று அவனுக்குப் புரிந்திருக்காது.

"போயிடுமா அக்கா?"

பிளாஸ்க்கிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டினாள்.

"சரிங்க" என்றாள்.